பின்வீட்டுக்காரி எழுதுவது

மணிமுத்தா நகர், 4ஆவது தெரு,
விருத்தாசலம்.
9-2-2025, ஞாயிறு

அன்புள்ள டீச்சருக்கு,

வேல்விழி எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இந்தத் தடவை ஆவலோடு எழுதவில்லை. கோபத்தோடு எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பருக்குப் போட்டால் உங்கள் மகன் பிரவீன்தான் எடுக்கிறார். "அம்மாவுக்குக் காது கேக்கல, எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க" என்கிறார். உங்களுக்குக் காது கேட்காதென்று எனக்குத் தெரியாதா? கடலூருக்குக் கூட்டிப்போய் மெஷின் வாங்கி மாட்டிவிட்டதே நான்தான். அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உங்களிடம்தான் இருக்கிறது. கடிதமென்றால் நீங்களே பிரித்துப் படிப்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் நகர் நலச்சங்கத்தின் முப்பதாம் ஆண்டு விழா நடந்தது. பந்தல், மைக்செட், எல்லோருக்கும் வெஜிடபிள் பிரியாணி. விழா மலர் ஒன்று போட்டார்கள். வீட்டு உரிமையாளர்களுக்கு இலவசம், குடியிருப்போருக்கு ஐம்பது ரூபாய். ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன், உங்கள் கட்டுரை இருக்கிறதே என்று. "நான் விட்டு வந்த தெரு." எதிர்வீட்டுக் கனகா அதைப் படித்துவிட்டு அழுதார். "டீச்சரு எப்பிடி எழுதியிருக்காங்க பாரு, அப்பிடியே கண்ணு முன்னால நிக்குது" என்றார். நானும் அழுதேன். அவர் அழுத காரணத்துக்காக அல்ல.

தெரு பள்ளமாகக் கிடந்ததையும், மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் நடந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். "தெருக்காரர்கள் சேர்ந்து உடைந்த பீங்கானைக் கொட்டி மேடாக்கினோம்" என்கிறீர்கள். எந்தத் தெருக்காரர்கள் டீச்சர்? என் வீட்டுக்காரர் தன் பீங்கான் கம்பெனி முதலாளியிடம் கெஞ்சி, ரிஜெக்ட் ஆன இன்சுலேட்டரையும் பியூஸ் கட்டையையும் டிராக்டரில் ஏற்றி வந்து பதினோரு ஞாயிற்றுக்கிழமை கொட்டினார். அவர் கையில் இருக்கும் வெட்டுத் தழும்பு அந்தத் துண்டு கிழித்ததுதான். "தெருவிளக்கு வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கு தானாக நடந்து வந்ததா? நான்கு மனு எழுதினேன். ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தது நீங்கள்.

சரி, இதெல்லாம் போகட்டும். கடைசியில், "அன்றைய என் தெருவின் மனிதர்கள்" என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். பதினோரு வீடு. பச்சமுத்து வீட்டு நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே, உங்கள் கிணற்றடியைத் தாண்டி, இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கும் எங்கள் பெயர் இல்லை. மூன்று தடவை படித்தேன். என் கண்ணில்தான் படவில்லையோ என்று அகல்யாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உங்களிடம் அ ஆ எழுதக் கற்றுக்கொண்ட என் மகள் அவள். "நாம வாடகைக்குத்தானே இருக்கோம், விடும்மா" என்றாள்.

நான் விட்டிருப்பேன். ஆனால் அன்று சாயந்திரமே சங்கத் தலைவர் விருத்தகிரி, டேப்போடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நம் தெருவின் முகம் மாறிக்கொண்டிருக்கிறது, நெஞ்சம் கனக்கிறது" என்று அந்த மலரில் தலையங்கம் எழுதிய அதே விருத்தகிரிதான். சமையலறை வரைக்கும் வந்து அளந்தார்கள். என்னங்க இது என்றதற்கு, "ஓனர் தம்பி பிரவீன் சொல்லலியா? முன்வூடு பின்வூடு ரெண்டையும் சேத்து வெல பேசியாச்சு. இடிச்சுட்டு அபார்ட்மெண்ட் கட்டப்போறாங்க. மே மாசத்துக்குள்ள காலி பண்ற மாதிரி பாத்துக்குங்க" என்றார். கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டீச்சர், நேரடியாகக் கேட்கிறேன். 2016இல் உங்கள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி சார் உயிரோடு இருந்தபோது, பின்வீட்டை எங்களுக்கே ஒன்பது லட்சத்துக்குக் கொடுப்பதாகப் பேசினாரா இல்லையா? என் வீட்டுக்காரருக்கு சொசைட்டியில் லோன்கூட ஆகிவிட்டது. "பேப்பர் டைப் பண்ணிட்டேன், வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க ஜெயபிரகாஷ்" என்று செவ்வாய்க்கிழமை சொன்னார். புதன்கிழமை அவருக்கு நெஞ்சு வலி வந்தது. காரியமெல்லாம் முடிந்தபின் உங்களிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுடி, பேப்பர் எதுவும் இல்ல. ஆனா வித்தா ஒனக்குத்தான்" என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் எட்டு வருஷம் வேறு இடம் பார்க்காமல் இருந்தோம். அன்று மூன்று லட்சத்துக்குக் கிடைத்த மனையெல்லாம் இன்று எங்கள் கைக்கு எட்டாது.

நீங்களே பதில் எழுதுங்கள். பிரவீன் எழுத வேண்டாம்.

உங்கள்
வேல்விழி

*

பெருங்களத்தூர்,
சென்னை.
20-2-2025

என் அன்பு வேலுவுக்கு,

டீச்சர் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. இப்படியா எழுதுவாய்? படித்ததிலிருந்து எனக்கு பிரஷர் மாத்திரை போட்டும் தலை சுற்றல் நிற்கவில்லை. உன் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது, குண்டு குண்டாக. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

கட்டுரையைப் பற்றிச் சொல்கிறேன். விருத்தகிரி ஒரு பக்கம்தான் இடம் என்றார். சங்கத்து ஆட்கள் பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்த நினைப்பில் எழுதினேன். நீ வேறு ஆளா என்ன? வீட்டு ஆளைப் பற்றி யாராவது பட்டியலில் எழுதுவார்களா? அதற்குப் போய் இவ்வளவு கோபமா?

இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது. பிரவீன், மருமகள், பேத்தி, நான், நாலு பேருக்கு ஒற்றைப் படுக்கையறை. நான் ஹாலில் மடக்குக் கட்டிலில் படுக்கிறேன். காலையில் ஐந்தரைக்குக் கட்டிலை மடக்க வேண்டும், பேத்திக்கு ஆன்லைன் டியூஷன். வீட்டுக்காரர் வருஷா வருஷம் வாடகையை ஏற்றுகிறார். இப்போது அவர் மகனுக்குக் கல்யாணமாம், ஜூனுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் ஒரு சின்ன பிளாட் என்றாலே பிரவீனுக்கு மூச்சு முட்டுகிறது. விருத்தாசலத்தை விற்றால்தான் இங்கே எங்களுக்கு ஒரு கூரை. இதில் நான் என்ன செய்ய முடியும் சொல். நம்மூர் மாவட்டத் தலைநகர் ஆகப்போகிறது என்று பேச்சு வந்து விலை ஏறியிருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்கிறான்.

சார் உன் வீட்டுக்காரரிடம் ஏதோ பேசியிருக்கலாம். அவர் எல்லோரிடமும் எல்லாம் பேசுவார். ஆனால் அதெல்லாம் இப்போது செல்லாது என்று பிரவீன் சொல்கிறான். இருபது ரூபாய் பத்திரத்தில் ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டு, பதிவும் செய்யாமல் விட்டால் அதற்கு மதிப்பில்லையாம்.

உன்னையும் ஜெயபிரகாஷையும் சும்மா அனுப்ப மாட்டேன். பிரவீனிடம் சொல்லி ஏதாவது செய்யச் சொல்கிறேன். கிணற்றடி நாரத்தை இந்த வருஷம் காய்த்ததா? இங்கே கடையில் வாங்கும் ஊறுகாய் வாயில் வைக்க முடியவில்லை. யாராவது வந்தால் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பு.

கோபத்தை விடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் டீச்சர்
பானுமதி

*

விருத்தாசலம்.
16-3-2025, ஞாயிறு

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் நடுவில் நிறுத்தி, "அந்த வரிய திரும்பப் படி" என்றார். இருபது ரூபாய் பத்திரம், ஒருத்தர் மட்டும் கையெழுத்து.

நான் பேப்பர் என்றுதான் எழுதியிருந்தேன். எத்தனை ரூபாய் பத்திரம் என்று எழுதவில்லை. எனக்கே தெரியாது. அதில் சார் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. பேப்பர் எதுவும் இல்லை என்று சொன்ன நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் மகனிடமும் காட்டியிருக்கிறீர்கள்.

நான் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆயிரம் இன்சுலேட்டரைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைப் பிரிக்கிறேன். ஆனால் எட்டு வருஷமாக ஒரு மனுஷி என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார், அது எனக்குத் தெரியவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இங்கே நாங்கள் ஆறு வாரமாக வீடு தேடி அலைகிறோம். அதையும் கேளுங்கள். கட்டுரை எழுதும் அளவுக்கு உங்களுக்குப் பிடித்த தெரு அல்லவா? நம் தெருவில் மட்டும் பூட்டிக் கிடக்கும் புதுவீடு எட்டு. வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்களாம், குடிவைத்தால் சுவர் அழுக்காகுமாம். வேப்பூர் ரோட்டில் ஒரு வீட்டில் "பேங்க் ஸ்டாஃப்னா சொல்லுங்க" என்றார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மா கேட் அருகிலேயே நிற்கவைத்து, "செராமிக்ல வேலையா? ரெண்டு பேருமேவா? என்ன ஆளுங்க நீங்க?" என்று கேட்டார். குயவர் வூட்டு ஆளுங்க என்று என் வீட்டுக்காரர் சொன்னார். "அப்பறம் சொல்லி அனுப்பறோம்" என்றார். சொல்லி அனுப்பவில்லை. ஆலடி ரோட்டில் ஒரு வீடு, நாங்கள் இருக்கும் வீட்டில் பாதி. ஆஸ்பெஸ்டாஸ் போட்டது. அதற்கு இப்போது கொடுப்பதைப்போல மூன்று மடங்கு வாடகை, பத்து மாத அட்வான்ஸ். ஐம்பத்திரண்டு வயசில் என் வீட்டுக்காரர் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு இருபத்தைந்து வயசுப் பையனிடம் "சார், கொஞ்சம் கொறச்சுக்குங்க சார்" என்று கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

இந்தச் சின்ன ஊரில், இந்த ஊருக்குப் பீங்கான் செய்து கொடுக்கிறவர்களுக்குத் தங்க இடம் இல்லை. அது யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் தெரு மாறிவிட்டது, பழைய மாதிரி இல்லை என்று வருத்தப்படுகிறார்கள். யார் மாற்றியது? விற்றவர்கள்தான் வருத்தப்படுகிறார்கள், வாங்கிக்கொடுத்த தரகர்தான் தலையங்கம் எழுதுகிறார்.

வக்கீலைப் பார்த்தோம். மூன்று வருஷத்துக்குள் கேஸ் போட்டிருக்க வேண்டும், இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஆகையால் நீங்கள் பயப்பட வேண்டாம். கோர்ட்டுக்கு வர மாட்டோம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஏன் மறைத்தீர்கள்? விலை ஏறட்டும் என்றா? அப்படியென்றால் அப்படியே எழுதுங்கள். உங்கள் கையால் எழுதிப் படிக்க வேண்டும்.

நாரத்தை காய்த்தது. ஊறுகாய் போடவில்லை.

வேல்விழி

*

பெருங்களத்தூர்.
2-4-2025

வேலு,

பிரவீனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவர்களுக்குத் தெரியாமல் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். அறுபத்தொன்பது வயசில் திருட்டுத்தனமாகக் கடிதம் எழுதுகிறேன்.

நீ கேட்டாய். சொல்லிவிடுகிறேன். முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல் என்று சொன்னவள் நான்.

பேப்பர் இருந்தது. அவர் போன பதினேழாம் நாள் நீ வந்து கேட்டபோது பீரோவில், என் கூறைப்புடவைக்கு அடியில் இருந்தது. நான் பீரோ முன்னால்தான் நின்றிருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். கை நீட்டினால் எடுத்திருக்கலாம். இல்லை என்றேன்.

விலை ஏறும் என்று நினைத்து மறைக்கவில்லை. நம்பினால் நம்பு. அப்போது இந்த மாதிரி ஏறும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குப் பயம். அவர் போய்விட்டார், பிரவீன் சென்னையில். அந்தப் பெரிய வீட்டில் நான் ஒருத்தி. பின்வீடு உன் பெயருக்கு மாறிவிட்டால் நீ நடுவில் சுவர் எடுப்பாய். வாசலைப் பின்தெருப் பக்கம் திருப்பிக்கொள்வாய். நீயும் ஒரு வீட்டுக்காரி ஆகிவிடுவாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் வருவாயா? வாடகைக்கு இருக்கிறவரைக்கும் "வேலு" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாய். நானும் உனக்கு வாடகையை ஏற்றவில்லை. டீச்சருக்கு எவ்வளவு நல்ல மனசு என்று தெருவே சொன்னது. எனக்குத்தான் தெரியும், அது நல்ல மனசு இல்லை. உன்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதற்காகத்தான்.

போன வருஷம் என் கால் முறிந்தபின் என்னை இங்கே கூட்டி வரும்போது பிரவீன் பீரோவைக் காலி செய்தான். பேப்பர் அவன் கையில் கிடைத்தது. "நல்ல வேளம்மா, இத குடுக்காம வெச்சிருந்த" என்று சொல்லிச் சிரித்தான். என்னைப் போலவே இருந்தது அந்தச் சிரிப்பு.

கட்டுரையில் உன் பெயரை ஏன் விட்டேன் என்றும் கேட்டாய். எழுதினேன். இரண்டு தடவை எழுதி அடித்தேன். உன் பெயரை எழுதினால் மற்றதையும் எழுத வேண்டியிருக்கும் போலிருந்தது.

இதைப் படித்துவிட்டு நீ என்னைத் திட்டு. ஆனால் விட்டுவிடாதே. இங்கே என்னோடு பேச ஆளில்லை.

டீச்சர்

*

விருத்தாசலம்.
13-4-2025, ஞாயிறு

டீச்சருக்கு,

படித்தேன். நாளைக்கு வருஷப்பிறப்பு. வீட்டைக் கழுவ வேண்டும், கழுவவில்லை. யாருக்காகக் கழுவுவது?

கொரோனா நேரத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது கனகா வீட்டிலிருந்து பச்சமுத்து வீடு வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் உங்களோடு பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தேன். அகல்யாவை அவள் அத்தை வீட்டுக்கு ஸ்ரீமுஷ்ணத்துக்கு அனுப்பிவிட்டு இருந்தேன். அதைப் பாசம் என்று நினைத்துச் செய்தேன். நீங்கள் வாடகைக்கு இருக்கிறவள் அதனால் வருகிறாள் என்று நினைத்திருக்கிறீர்கள். நீங்கள் எனக்கு வீட்டைக் கொடுத்திருந்தாலும் நான் வந்திருப்பேன் டீச்சர். அது உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீடு போனதைவிட அது தாங்கவில்லை.

திட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டினால் நீங்கள் அழுது, மனசு லேசாகி, தூங்கிவிடுவீர்கள். அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். அதற்குப் பதில் நீங்கள் ஒன்று செய்யுங்கள்.

சார் பெயரில் இருந்த வீடு. உங்கள் கையெழுத்து இல்லாமல் பிரவீன் மட்டும் விற்க முடியாது என்று வக்கீல் சொன்னார். முன்வீட்டை உங்கள் விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள். பின்வீட்டுப் பகுதியைத் தனியாகப் பிரித்து எங்களுக்குக் கொடுங்கள். பழைய ஒன்பது லட்சத்துக்குக் கேட்கவில்லை. என் நகை, அவருடைய பி.எஃப்., அகல்யா வேலையில் வாங்கும் லோன் எல்லாம் சேர்த்தால் இருபத்திரண்டு லட்சம் வரும். விருத்தகிரி பேசியிருக்கும் விலைக்கு அது குறைவுதான். தெரிந்துதான் கேட்கிறேன். மொத்தமாகக் கொடுத்தால்தான் அபார்ட்மெண்ட் கட்ட முடியும் என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

மற்றபடி எனக்கு உங்கள் கண்ணீர் வேண்டாம். பின்வீட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அவ்வளவுதான்.

வேல்விழி

*

பெருங்களத்தூர்.
24-4-2025

என் வேலுவுக்கு,

பிரவீனிடம் சொல்லிவிட்டேன். பின்வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நேருக்கு நேர் சொன்னேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை, வீட்டில் சாப்பிடவில்லை. மருமகள் பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் மெஷின் இல்லாமலேயே எனக்குக் கேட்கிறது. மூன்றாம் நாள் வந்து, "சரிம்மா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பேசிக்கலாம், நீ வா" என்றான்.

மே ஐந்தாம் தேதி திங்கட்கிழமை. காரில் வருகிறோம். நீயும் அங்கே வந்துவிடு. அதிகாரி என்னைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்பார் இல்லையா, அப்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். முன்வீட்டுக்குச் சம்மதம், பின்வீடு வேல்விழிக்கு என்று. நீ எதிரில் நின்றால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

அவர் எழுதிய பேப்பரைக் கேட்டேன். கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொல்கிறான். போகட்டும். நான் இருக்கிறேன்.

வெயில் நேரம். குடை எடுத்துக்கொண்டு வா.

உன் டீச்சர்
பானுமதி

*

விருத்தாசலம்.
1-6-2025, ஞாயிறு

திருமதி பானுமதி கலியமூர்த்தி அவர்களுக்கு,

மே இருபத்தெட்டாம் தேதி வீட்டைக் காலி செய்து, சாவியை விருத்தகிரியிடம் கொடுத்தாயிற்று. கொடுத்ததற்கு அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். கரண்ட் பில் பாக்கியில்லை. முப்பதாம் தேதி இடிக்கிற மெஷின் வந்து, முதலில் பின்வீட்டைத்தான் இடித்தார்களாம். கனகா போன் செய்து சொன்னார். "ஒரே தூசி, வாசக் கதவ தொறக்க முடியல" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு பிரவீன் என் வீட்டுக்காரரின் அக்கவுண்டுக்கு ஐம்பதாயிரம் போட்டிருந்தார். "அம்மா கொடுக்கச் சொன்னார்" என்று மெசேஜ். அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். வந்து சேர்ந்ததா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே ஐந்தாம் தேதி நடந்ததை உங்களிடம் சொல்லாமல் விட்டால் அது எனக்குள்ளேயே கிடந்து அழுகும். அதனால் எழுதுகிறேன்.

லீவு போட்டுவிட்டுப் பத்து மணிக்கே சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்குச் சூளையில் சரக்கு ஏற்றும் நாள், அவரால் வர முடியவில்லை. பத்திரம் எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் வேப்பமரத்தடியில் நின்றேன். உங்களை நம்பித்தான் வந்தேன். அதை மறைக்கவில்லை. ஆனாலும் வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் ஒருவேளை தயங்கினால், அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிடுவது என்று. "ஏங்க, இந்த வூட்ட எங்களுக்குக் குடுக்கறேன்னு உங்க வூட்டுக்காரரு எழுதி வெச்சாரா இல்லியா? நீங்க அத ஒளிச்சு வெச்சீங்களா இல்லியா?" இவ்வளவுதான். மனப்பாடமாக வைத்திருந்தேன்.

பதினொன்றரைக்குக் கார் வந்தது. பிரவீன் முன்பக்கம் இறங்கிப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார். விருத்தகிரி அவர் பின்னாலேயே போனார். நீங்கள் பின்கதவைத் திறந்து இறங்கி நின்றீர்கள். இளைத்துப் போயிருந்தீர்கள். அந்தப் பச்சை நூல் புடவை. வாசலில் நான்கு படி, கைப்பிடிச்சுவர் இல்லை. கால் முறிந்ததிலிருந்து உங்களால் ஆள் துணையில்லாமல் படி ஏற முடியாது. முதல் படிக்கு முன்னால் நின்று, யாராவது வருகிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தீர்கள். வெயில் நேரே முகத்தில் அடித்தது.

நான் எப்போது மரத்தடியிலிருந்து நகர்ந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. என் கை உங்கள் முழங்கைக்கு அடியில் இருந்தது. "வந்துட்டியா" என்றீர்கள். வேறு யார் வருவார்கள் என்பதுபோல. உங்கள் எடை முழுவதையும் என் தோள் மேல் சாய்த்தீர்கள். ஒவ்வொரு படியாக, இடது காலை முதலில் வைக்கச் சொல்லி, நான்கு படியும் ஏற்றிவிட்டேன். "சாப்ட்டியாடி?" என்று கேட்டீர்கள். சாப்பிடவில்லை என்றேன்.

மேலே போனதும், நான் உங்களோடு உள்ளே நுழையப் போனேன். நீங்கள் என் கையை எடுத்துவிட்டீர்கள். மெதுவாகத்தான் எடுத்தீர்கள். உள்ளே பிரவீன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் குரலைத் தாழ்த்தி, "நீ உள்ள வராத வேலு. அவனுக்குக் கோவம் வரும்" என்றீர்கள்.

அவனுக்குக் கோபம் வரும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்களை நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். விரல் ரேகை வைத்தார்கள். அதிகாரி ஏதோ கேட்டார். உங்களுக்குக் கேட்கவில்லை. பிரவீன் குனிந்து உங்கள் காதருகே சொன்னார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஒரு தடவைதான் ஆட்டினீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

அந்த நேரத்தில் நான் கத்தியிருக்கலாம். மனப்பாடம் செய்த வார்த்தையெல்லாம் வாய்க்குள்ளேயே இருந்தது. ஜன்னலுக்கும் உங்களுக்கும் பத்தடிதான். கத்தவில்லை. உங்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல. அந்தப் படியில் என் கையால் உங்களை ஏற்றிவிட்டதற்குப் பிறகு, கத்த எனக்கு வெட்கமாக இருந்தது. என் வீட்டை விற்றுப்போட நானே ஆளைத் தூக்கிக்கொண்டு போய் விட்டிருக்கிறேன். கம்பெனியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீ ஏத்திவுட்டது தப்பில்ல. நம்ம வழக்கம் அது. ஆனா இன்னொரு தடவ போவாத" என்றார்.

நீங்கள் வாடகையை ஏற்றாமல் வைத்திருந்ததன் கணக்கு அந்த நான்கு படியோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாங்கள் இப்போது ஊருக்கு வெளியில் இருக்கிறோம். இங்கே தெருவில் விளக்கு இல்லை. வந்த மூன்றாம் நாளே அகல்யா, "மனு எழுதும்மா" என்று பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். முதலில் ஒரு நிபந்தனை போட்டேன். குடியிருக்கிறவர்கள் கையெழுத்தும் வீட்டுக்காரர்கள் கையெழுத்தும் ஒரே பக்கத்தில், பெயரோடு இருக்க வேண்டும், நகல் எங்களிடம் இருக்க வேண்டும் என்று. பக்கத்து வீட்டு அம்புஜவல்லி சரி என்றார். மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கடிதத்தில் புது முகவரியை எழுதவில்லை. தேட வேண்டாம். கனகாவிடம் கேட்டாலும் சொல்ல மாட்டார், சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். திரும்பி வரும்போது அந்த நான்கு படியில் உங்களை யார் பிடித்து இறக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.

வேல்விழி